வணிக நேர்வாய்வும் நம் மாணவரும்

வணிகவியல் பயிலும் மாணவர்கள் தேர்வுக்காகக் கற்பன பல; வாழ்க்கைக்குப் பயன்படுவன அவற்றுள் சில. அச்சிலவற்றுள் தலையாயது, வகுப்பறையில் 'கேஸ் ஸ்டடி' என வழங்கும் நேர்வாய்வு என்பது நம் நெடுநாளைய எண்ணம். ஒரு நிறுவனமோ தனி வணிகரோ ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு சிக்கலின்முன் நின்ற நிலையை எழுத்தில் வடித்து, 'இந்நிலையில் நீர் யாது செய்வீர்?' என்று மாணவரிடம் கேட்பதே அம்முறை. தமிழ்த் துறை வெளியிடும் மலரில் இதற்கென்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கட்டுரையின் போக்கில் அதற்கு விடை கிடைக்குமாதலின் ஈண்டு விரிக்கவில்லை.

இம்முறை பிறந்தது சட்டக் கல்வியில். 1870 ஆம் ஆண்டில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்ற லாங்டெல் என்பார், விதிகளை ஒப்புவிக்கச் செய்யும் பழைய வழக்கத்தை விடுத்து, நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்து ஆராயச் செய்தார். 1908 இல் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளி அவ்வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. 1961 இல் அகமதாபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வர்டின் துணையோடு தொடங்கப்பட்டதாதலின், இம்முறை நம் நாட்டிலும் வேர் கொண்டது. 1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி 1993 இல் ஹார்வர்டு ஒரு நேர்வை வெளியிட்டது. கடல் கடந்த மாணவர் மதுரையைப் படித்துக்கொண்டிருக்க, மதுரைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து நம் மாணவர் அமெரிக்கக் காலணி நிறுவனத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குப் பல ஆண்டுகளாகக் கிட்டி வருகிறது. அங்கே மாணவர் படைக்கும் நேர்வாய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. நிறுவனர் பிறந்த ஊர், தொடங்கிய ஆண்டு, முதலீடு, பெற்ற விருதுகள், பின்னர் வலிமை, குறை, வாய்ப்பு, இடர் என்று நான்கு கட்டங்கள், இறுதியில் நன்றி. கேட்போர் கைதட்டுவர். ஆனால் அந்நிறுவனம் எந்த நாளில் எதை முடிவு செய்யவேண்டியிருந்தது, அம்முடிவால் எதை இழக்கத் துணிந்தது என்ற வினா எழுப்பப்படுவதே இல்லை. இதனை ஆய்வு என்பதைவிட மெய்க்கீர்த்தி என்பதே பொருந்தும். மெய்க்கீர்த்தி எழுதுவதில் நம் முன்னோர் வல்லவர். கல்லில் வெட்டி வைத்துவிட்டுச் சென்றனர். வணிகத்தில் அது போதாது.

முறையை வெறும் இலக்கணமாகச் சொல்வதைவிட ஒரு நேர்வை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்பதே நன்று. அந்நேர்வு பாலாற்றங்கரையிலேயே இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்களுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பை இம்மலரின் வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. நம் பெரியவர்களுள் பலரின் குடும்பங்கள் அத்தொழிலில் வளர்ந்தவை. நம் கல்வி நிலையங்களுள் சிலவற்றின் சுவர்களும் அவ்வருவாயில் எழுந்தவையே. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு கப்பல் ஏறியது. 1973 ஐ ஒட்டி, பதனிடாத தோலின் ஏற்றுமதியைத் தடுத்தும் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியும் நடுவண் அரசு முறைப்படுத்திய பின்னர், முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் முன்னுக்கு வந்தன. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பெருகியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும். அத்தண்ணீர் உப்பையும் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு வெளியே வந்து, ஆற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் இறங்கிற்று.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அவர்களின் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்னும் கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஓர் உறுப்பு என்று அறிவித்தது. அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவேண்டும் என்றும், 1996 நவம்பர் 30 க்குள் தனியாகவோ பொதுவாகவோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவேண்டும் என்றும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாதவை அதன்பின் இயங்கலாகாது என்றும் ஆணையிட்டது. தோல் ஏற்றுமதி நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதன்பொருட்டு நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றது.

இத்துணையும் செய்தி. மாணவர் இதனை முதன்முறை படிக்கும்போது கதை தெரியும். இரண்டாம் முறை படிக்கும்போது எது உறுதியான செய்தி, எது ஒருவர் கருத்து, எது வழக்காடுவோரின் வாதம் என்று மூன்று நிறத்தில் கோடிட வேண்டும். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் முதன்மையான வினா எழும்: நாம் யாருடைய நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் ஆய்வுகளில் 'அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்', 'அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்' போன்ற தொடர்களே மிகும். நாற்காலி இல்லாதவன் அனைவருக்கும் அறிவுரை கூறுவான். நாற்காலியில் இருப்பவனுக்கோ நவம்பர் 30 க்கு இன்னும் எத்தனை நாள் என்ற கவலை.

ஆகவே, கற்பனையாக ஒரு சிறு ஆலை உரிமையாளரை அமர்த்துவோம். நாள் 1996 ஆகஸ்டு 29. மாதம் 25 வேலை நாள். நாளொன்றுக்கு 1,000 கிலோ தோல். பெரிய ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குப் பதனிட்டுத் தருபவர். அவர்முன் உள்ள வழிகள் யாவை? தனியே நிலையம் கட்டலாம். பிறரோடு கூடிப் பொது நிலையத்தில் பங்கு பெறலாம். ஊறவைத்தல், சுண்ணாம்பிடல் போன்ற நீர் மிகுந்த பணிகளைக் கைவிட்டு, பாதி பதனிட்ட தோலை வாங்கி முடிப்பு வேலை மட்டும் செய்யலாம். ஆலையை மூடலாம். ஒன்றும் செய்யாமல் காத்திருக்கலாம். இந்த ஐந்தாவதை மாணவர் எழுதுவதே இல்லை, எழுத வெட்கப்படுகின்றனர். மெய்யான வணிகர் பலர் முதலில் எண்ணுவது அதுவே ஆதலின், அதனையும் எழுதி, அதன் விலையையும் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே தள்ளவேண்டும்.

இனிக் கணக்கு. கீழ்வரும் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே அன்றி எந்த ஆலையின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. தனி நிலையம் கட்ட 20 இலட்சம் ரூபாய், வட்டி 18 விழுக்காடு எனில், ஆண்டிற்கு 3,60,000, மாதம் 30,000. நடத்தும் செலவு கிலோவிற்கு 60 காசு. பொது நிலையத்தில் பங்குத் தொகை 4 இலட்சம் எனில் வட்டி மாதம் 6,000. நடத்தும் கட்டணம் கிலோவிற்கு 1 ரூபாய். மாதம் 25,000 கிலோ பதனிடும் நம் உரிமையாளருக்குத் தனி நிலையத்தால் 45,000 ரூபாயும், பொது நிலையத்தால் 31,000 ரூபாயும் செலவாகும். அதாவது கிலோவிற்கு 1.80 ரூபாய் ஒருபுறம், 1.24 ரூபாய் மறுபுறம். தேய்மானத்தை நாம் சேர்க்கவில்லை. கணக்கியல் ஆசிரியர்கள் சினவற்க, சேர்த்தால் தனி நிலையத்தின் சுமை இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

இங்கே நிறுத்துபவர் பாதி வழியில் நிற்பவர். தோல் தொழிலில் ஆர்டர் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. உற்பத்தி பாதியாகக் குறைந்து 12,500 கிலோ ஆகுமாயின், தனி நிலையத்தில் கிலோவிற்கு 3 ரூபாய் ஆகிவிடும். பொது நிலையத்தில் 1.48 ரூபாய்தான். மாதம் 60,000 கிலோவில் இரண்டும் சமனாகின்றன. அதற்கு மேற்பட்ட பெரிய ஆலைக்குத் தனி நிலையமே மலிவு. ஒரே தீர்ப்பு, ஒரே ஊர், ஒரே நாள். ஆயினும் பெரியவருக்கு ஒரு விடை, சிறியவருக்கு வேறு விடை. இதனை ஒரு மாணவன் தன் கையாலே கணக்கிட்டுக் கண்டுகொள்ளும்போது அவன் முகத்தில் தோன்றும் ஒளியைக் காண்பதற்காகவே ஆசிரியத் தொழிலில் இருக்கலாம்.

ஆயின் இக்கணக்கில் இடம்பெறாதவர்கள் இருக்கின்றனர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறு உவர்ப்பாகிப்போன உழவர் இத்தாளில் எந்த வரியிலும் இல்லை. ஊறவைக்கும் தொட்டியில் கால் நனைய நின்று வேலை செய்யும் தொழிலாளி 'நடத்தும் செலவு' என்ற சொல்லுக்குள் மறைந்துவிட்டார். ஆலை மூடப்பட்டால் முதலில் இழப்பவர் அவரே. பாலாற்றங்கரையில் வணிகவியல் கற்பித்த ஆண்டுகளில் இந்நேர்வை நாம் வகுப்பில் வைத்தபோதெல்லாம் அறை இரண்டாகப் பிரியும். ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறம், நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறம். இரு சாராரும் தத்தம் வீட்டில் கேட்டதையே ஒப்புவிப்பர், குரல் உயரும், ஆய்வு அங்கே முடிந்துபோகும்.

ஆதலின் ஓராண்டில் நாற்காலிகளை மாற்றிப் போட்டோம். ஆலைக் குடும்பத்து மாணவன் ஒருவனை உழவராக அமர்த்தினோம். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் அவன் ஒரு தாளோடு வந்தான். தென்னை காய்ப்புக் குறைந்ததற்கு இவ்வளவு, குடிநீரைத் தொலைவிலிருந்து சுமக்கும் பெண்களின் நேரத்திற்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்தவன், ஒரு வரியில் தொகை எழுதாமல் விட்டிருந்தான். 'கிணறு மீண்டும் நன்னீராக எத்தனை ஆண்டு ஆகும்?' என்பது அவ்வரி. அதற்கு அவனுக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காததை இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே வைத்திருந்தான். உரிமையாளர் நாற்காலியில் அமர்ந்த உழவர் வீட்டு மாணவனோ, ஆலையை மூடலாம் என்ற வழியை முதல் வகுப்பிலேயே முழங்கியவன். ஊதியப் பட்டியலைத் திரட்டப் போனபோது, தன் தெருவிலேயே எத்தனை வீடுகளில் அவ்வூதியத்தில் அடுப்பெரிகிறது என்பதை எண்ணிக்கொண்டு வந்தான். அதன்பின் 'மூடு' என்ற சொல்லை அவன் அவ்வளவு எளிதாகக் கூறவில்லை. எனினும் வழிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கவும் இல்லை. அவ்விருவரும் அன்று எழுதியவற்றைப்போல் நேர்மையான நேர்வாய்வை நாம் பரிசு பெற்ற அரங்குகளிலும் அதிகம் கண்டதில்லை.

காலத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1996 இல் அமர்ந்திருப்பவர் 1996 இல் அறியக்கூடியதை மட்டுமே அறிவார். 'எதிர்ச் சவ்வூடு முறையில் நீரைப் பிரித்து, ஒரு சொட்டும் வெளியேறாமல் செய்வேன்' என்று அன்றைய சிறு ஆலைக்காரரின் வாயில் இன்றைய தொழில்நுட்பத்தை வைப்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதுவதற்கு ஒப்பாகும். பாலாற்றங்கரைப் பொது நிலையங்களில் அம்முறை பரவியது 2000 க்குப் பிந்தைய ஆண்டுகளில். மாறாக, அன்று அறியக் கிடைத்தும் மாணவர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. 1990 ஐ ஒட்டி ஜெர்மனி, தோலைப் பூஞ்சையினின்று காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் மருந்தைத் தடை செய்தது. 1994 இல் சிலவகை அசோ சாயங்களுக்கும் தடை விதித்தது. நம் ஏற்றுமதியாளர் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மாற்றுப் பொருள்களுக்கு மாறினர். வாங்குபவர் சொன்னபோது விரைந்து மாறிய தொழில், பக்கத்து வயல்காரர் சொன்னபோது ஏன் விரையவில்லை என்ற வினாவை எந்தக் குழு எழுப்புகிறதோ அக்குழுவிற்கு நாம் கூடுதல் மதிப்பெண் இடுவதுண்டு. வினா கசப்பானதுதான். அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் சிலருக்கு அது உவப்பாயிராது. ஆயினும் நம் பட்டறிவில், மாணவரின் நேர்மையான வினாவை நம் பெரியவர்கள் ஒருபோதும் அடக்கியதில்லை. மழுப்பலான புகழ்ச்சியைத்தான் அவர்கள் காதில் வாங்குவதில்லை.

இனி, தமிழ்த் துறை மலரில் இது ஏன் என்ற வினாவிற்கு வருவோம். திருக்குறளின் 47 ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதனை அடுத்து வருவன வலியறிதல், காலமறிதல், இடனறிதல். இம்முறைவைப்பையே ஒரு மாணவர் தாளில் நான்கு தலைப்புகளாக எழுதிக்கொண்டால், வழிகளை எடைபோடுதல், முதலையும் ஆளையும் அளத்தல், கெடுவை நோக்கல், ஊரையும் சந்தையையும் நோக்கல் என்று நேர்வாய்வின் எலும்புக்கூடு நின்றுவிடும். அமெரிக்கப் பாடநூலின் நான்கு கட்டங்களைவிட இது நமக்கு இயல்பாக வருகிறது என்று கண்டிருக்கிறோம். வள்ளுவர் மேலாண்மைப் பாடநூல் எழுதினார் என்று நாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறும் மேடைப் பேச்சுகளில் நமக்கு உடன்பாடும் இல்லை. அரசனுக்குச் சொன்னதை வணிகருக்கு ஏற்றிக் கொள்கிறோம், அவ்வளவே. மற்றொன்று, உரையாசிரியர் மரபு. முன்னுள்ளோர் கொண்ட பொருளைச் சொல்லி, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டி, தம் துணிபை நிறுவும் பரிமேலழகரின் நடையை ஒரு பருவம் ஊன்றிப் படித்த தமிழ் மாணவருக்கு, மாற்று வழிகளைத் தள்ளி ஒன்றைக் கொள்ளும் கலையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் நடத்திய வகுப்புகளில் இலக்கிய மாணவர் இருவர் வணிக மாணவரைத் திணறடித்த நாளும் உண்டு.

படைத்தளித்தலைப் பற்றியும் அதே நூலில் அவையறிதலும் அவையஞ்சாமையும் 72, 73 ஆம் அதிகாரங்களாக அமைந்துள்ளன. நம் மாணவருக்கு இரண்டாவதில்தான் இடர்ப்பாடு. தமிழ் வழியில் பயின்று வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் பேசியாகவேண்டும் என்ற அச்சத்தில், தான் நன்கு அறிந்ததையும் அறியாதவன்போல் நிற்கிறான். ஓர் அரங்கில், கணக்கை முழுதும் தன் கையால் செய்த மாணவியைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டு, ஆங்கிலம் சரளமாக வரும் ஒருவனைப் பேசவைத்தார்கள். முதல் வினாவிலேயே அவன் திகைத்தான். விடை அறிந்தவள் வாய் திறக்கவில்லை. அக்குழு தோற்றது ஆங்கிலக் குறைவால் அன்று. எந்த மொழியில் சிந்தித்தார்களோ அம்மொழியில் முதலில் எழுதி, தெளிந்த பின்னர் வேண்டுமாயின் ஆங்கிலத்தில் பெயர்க்கட்டும். தெளியாததை நேரே ஆங்கிலத்தில் எழுதினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய தொடர்களே மிஞ்சும்.

மேடையில் செய்யத்தக்கவை சிலவே. பதினைந்து நிமிடம் தரப்பட்டால் முதல் இரண்டு நிமிடத்திற்குள் முடிவைக் கூறிவிட வேண்டும்: 'எங்கள் பரிந்துரை, பொது நிலையத்தில் சேர்வது, இதனால் இன்னது கூடும், இன்னதை இழப்போம்.' துப்பறியும் கதைபோல் விடையை இறுதிவரை ஒளித்து வைப்பதால் பயனில்லை. நடுவர் அதற்குள் தேநீரை நோக்கத் தொடங்கிவிடுவார். திரையில் காட்டும் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு செய்தி போதும். 60,000 கிலோவில் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைபடம் ஒன்று, பத்துப் பக்க எழுத்தைவிட வலிது. திரையைப் பார்த்துப் படிப்பது கேட்போரை அவமதிப்பதாகும். அவர்களுக்கும் எழுத்தறிவு உண்டு. நால்வர் பேசுவதாயின் நால்வரும் பிறர் பகுதியையும் அறிந்திருக்க வேண்டும். இதனை எத்தனை முறை கூறினாலும் நம் மாணவர் வேலையைக் கறிக்கடையில் தொடையும் நெஞ்சுமாகப் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டு, மேடையிலேதான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் கேட்கின்றனர்.

வினா நேரத்தைத்தான் நாம் மிகவும் மதிக்கிறோம். முன்னர்க் கூறிய குழுவினர் தம் ஆய்வைப் படைத்த நாளில், தோல் தொழிலில் நீண்ட காலம் இருந்த ஹாஜியார் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டீர்கள். உப்பு எங்கே போயிற்று?" என்றார். அரங்கு அமைதியாயிற்று. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பது வழக்கம். அவ்வுப்பு முதல் ஊறலிலேயே நீரில் கரைந்துவிடும். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் நிலையம் அழுக்கை நீக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. உரிமையாளர் நாற்காலியில் இருந்த மாணவன் சற்று நின்று, "போகவில்லை, ஹாஜியார். ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயிலில் காய்ச்சும் பாத்திகளுக்கு இடம் வேண்டும். அந்த நிலத்தின் விலை எங்கள் கணக்கில் இல்லை. சேர்த்தால் பொது நிலையத்தின் செலவு நாங்கள் சொன்னதைவிடக் கூடும்; எவ்வளவு என்பதை இப்போது சொல்ல முடியாது. ஆனாலும் தனி நிலையத்திற்கும் அதே பாத்தி வேண்டுமாதலால், எங்கள் முடிவு மாறவில்லை" என்றான். அவர் தலையசைத்துவிட்டு, "காய்ந்த உப்பை எங்கே கொட்டுவீர்கள்?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தார். அதற்கு அவனிடம் விடை இல்லை; இல்லை என்றே கூறினான். அன்று அவனுக்கு நாம் இட்ட மதிப்பெண் அவ்வகுப்பிலேயே மிகுதியானது.

அவ்விரண்டாம் வினாவிற்கு ஊரும் இன்றுவரை முழு விடை கண்டபாடில்லை. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொது நிலையம் ஒன்றின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். சுத்திகரிப்பின் எச்சம் எங்கே வைக்கப்படுகிறது என்பது கணக்குத் தாளின் அடிக்குறிப்பு அன்று என்பதை அதன்பின் எம் மாணவர்க்கு விளக்கவேண்டிய தேவை எழவில்லை. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் அமைந்தன. ஆறு மட்டும் பிரியவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்டோர்க்கு உரிய இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதனை மீட்டுக்கொள்ளவேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்படுத்தும் பணியைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அது கூறியது.

ஆகவே பழைய நேர்வோடு புதிய நேர்வு ஒன்றையும் இப்போது வகுப்பில் வைக்கிறோம். நாள் 2025 பிப்ரவரி 1. நாற்காலிகள் ஐந்து: சிறு ஆலை உரிமையாளர், பொது நிலையத்தின் தலைவர், ஊறல் தொட்டித் தொழிலாளி, கீழ்ப்பகுதி உழவர், மாவட்ட ஆட்சியர். எவருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தருகிறோம். ஆட்சியர் நாற்காலி வேண்டாம் என்று திருப்பித் தருவோரே மிகுதி. அதில் எல்லோருடைய கணக்கையும் போடவேண்டியிருக்கிறதாம்.